இனிப்பு நீர் என்று தெரிந்த பிறகு வரும் அசதி: முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோ வழங்கும் இலவச உடல்நலப் பரிசோதனையில்தான் எனக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. வயது 46, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அளவு 10.4 விழுக்காடு. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 6.3 விழுக்காட்டிலிருந்தே அது நீரிழிவு. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்யும் நான், மாத்திரை எடுக்கத் தொடங்கியதும் உடம்பு தேறிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அடுத்த ஐந்து வாரங்களில் அசதி கூடியது. காலை பத்து மணிக்குக் கை ஓய்ந்தது, மதியச் சோற்றுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண் சொக்கியது, இரவில் நான்கு முறை எழுந்தேன். கேட்டவர்கள் எல்லோரும், "இனிப்பு நீருன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அந்த ஒரு பதிலை நம்பி நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன். என்னுடைய அசதிக்குக் குறைந்தது மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. அண்மையில் நோய் கண்டறியப்பட்ட, தோட்டத்திலோ தோட்டத்தை ஒட்டிய சிற்றூரிலோ வாழ்கிற ஒருவர் அந்தக் காரணங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எந்தத் தாளோடு எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

1. ஏழு நாள் அசதிக் கணக்கு எழுதுங்கள்

கிளினிக்குக்குப் போவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். பள்ளிப்பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு எதைச் சாப்பிட்டீர்கள், மாத்திரை எப்போது எடுத்தீர்கள், அசதி எப்போது வந்து எவ்வளவு நேரம் நீடித்தது, இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தீர்கள் என்ற ஐந்தையும் பதியுங்கள். "நாள் முழுக்க அசதி" என்று எழுதுவதில் பயனில்லை. நேரத்தைக் குறிப்பிட்டால்தான் காரணம் பிடிபடும். சாப்பிட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் வரும் கனத்த தூக்கம் சர்க்கரை ஏறுவதைக் காட்டலாம். சாப்பிடாமல் இருக்கும்போது நடுக்கத்தோடும் வியர்வையோடும் வரும் தளர்ச்சி சர்க்கரை இறங்குவதைக் காட்டலாம். எழும்போதே இருக்கிற அசதிக்குக் காரணம் பெரும்பாலும் இரவில் இருக்கும்.

என் நோட்டில் மூன்றாம் நாளிலேயே ஒன்று புலப்பட்டது: காலை அசதி ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் மட்டுமே வந்தது, ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. அது ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

2. அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதியுங்கள்

நோயைக் கண்டுபிடித்தது தனியார் கிளினிக்காக இருந்தாலும், நீண்டகாலக் கவனிப்புக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிந்துகொள்வதே கட்டுப்படியாகும். மலேசியக் குடிமக்களுக்கு ஒரு வருகைக்கான கட்டணம் 1 ரிங்கிட்; மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் அதிலேயே அடங்கும். கிளினிக்கிலிருந்து அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்பினால் 5 ரிங்கிட். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். ஆகவே சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்கள் முகப்பில் கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அடையாளக் கார்டு, பரிசோதனை முடிவின் அசலும் ஒரு நகலும், தனியார் மருத்துவர் தந்த பரிந்துரைக் கடிதம் இருந்தால் அது, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும் அவற்றின் உறையோடு. மருந்தின் பெயரை வாயால் சொல்லாதீர்கள். "வெள்ளை மாத்திரை, காலையில ஒன்னு" என்று சொன்ன என்னை மருத்துவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, அடுத்த முறை உறையோடு வரச் சொன்னார். நாட்டு மருந்து, வைட்டமின், கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்; மறைத்துவைப்பதால் நட்டம் உங்களுக்குத்தான்.

முதல் வருகைக்கு ஒரு காலை முழுவதும் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடர் வருகைகளுக்கு நேரம் குறித்துத் தருவார்கள். மைசெஜாத்தெரா செயலி வழியாகவும் பல கிளினிக்குகளில் முன்பதிவு செய்யலாம். நீரிழிவு நோயாளிக்கென ஒரு பச்சைப் புத்தகம் தரப்படும். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து எல்லாம் அதில்தான் ஏறும். அதைக் குடும்ப அட்டை போலப் பத்திரமாக வையுங்கள். அவசரத்துக்கு வேறு ஊர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் புத்தகம்தான்.

இரத்தம் எடுக்கும் நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. நான் அரைக் குவளை மைலோ குடித்துவிட்டுப் போனேன். "அண்ணே, மைலோவும் சாப்பாடுதான்" என்று மிஸ்ஸி (தாதி) சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்; மறுதேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. இன்னொன்று: சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்காராதீர்கள். அன்றைய மாத்திரையை எப்போது எடுப்பது என்று முந்தைய வருகையிலேயே கேட்டுக்கொண்டு, மருந்தையும் காலைப் பசியாறலையும் பையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு சாப்பிடுங்கள்.

மருந்துச் சீட்டு சில மாதங்களுக்கு எழுதப்பட்டிருந்தாலும் மருந்தகம் பெரும்பாலும் ஒரு மாத மருந்தையே ஒரு தடவையில் தரும். தோட்டம் தொலைவில் இருந்தால், எஸ்பியுபி என்ற ஏற்பாட்டின் கீழ் வீட்டுக்கு அருகிலுள்ள இன்னோர் அரசாங்கக் கிளினிக்கில் மீதி மருந்தைப் பெற முடியுமா என்று மருந்தக முகப்பில் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

3. எந்தெந்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

சர்க்கரை நோய் வந்துவிட்டதால் வேறு நோய் வராது என்று எந்த விதியும் இல்லை. அசதி நீடித்தால் மருத்துவரிடம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள்: இரத்தச்சோகை உள்ளதா என்று காட்டும் முழு இரத்தக் கணக்கு, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும், தைராய்டுக்கு டிஎஸ்எச், கல்லீரல் பரிசோதனை. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். தொடங்கிச் சில வாரங்களே ஆனவருக்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பல ஆண்டுகளாகச் சுத்த சைவம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இரத்தச்சோகை இருந்தாலோ தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபு இருந்தாலோ எச்பிஏ1சி உண்மை நிலையைக் காட்டாமல் ஏமாற்றலாம். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா உண்டென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமுள்ள பெண்கள் அதையும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அக்காள் ஓராண்டாக "சர்க்கரை அசதி" என்று நம்பிக்கொண்டிருந்தது இரும்புச்சத்துக் குறைவு.

40 வயதும் அதற்கு மேலும் ஆன, எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை பெறுவோருக்கும் அவர்களின் துணைவருக்கும், குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவசப் பரிசோதனை உண்டு. அதற்கெனத் தனியாகப் பதிவு செய்யத் தேவையில்லை. அடையாளக் கார்டோடு பங்கேற்கும் கிளினிக்குக்குப் போனால் தகுதியைப் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் இன்னும் பரிசோதிக்காத துணைவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்று. அசதி தாங்காமல் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போய், "சக்தி ஊசி" என்று ஒரு வைட்டமின் ஊசியும் ஒரு புட்டி டானிக்கும் 75 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். சர்க்கரையைச் சோதிக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டானிக்கின் உறையை வீட்டில் படித்தபோது முதல் பொருளே சீனிப்பாகு.

4. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி

கருவி, 25 சோதனைப் பட்டைகள், ஊசிகள் சேர்ந்த தொகுப்பை நான் 89 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். கருவியின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். பட்டையின் விலையைப் பாருங்கள், காலமெல்லாம் செலவு வைப்பது அதுதான். 50 பட்டைகள் கொண்ட டப்பாவுக்கு எங்கள் ஊர் மருந்துக்கடையில் 50 முதல் 70 ரிங்கிட் வரை கொடுத்திருக்கிறேன்.

தினமும் ஏழெட்டு முறை குத்திக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மட்டும், பசியாறுவதற்கு முன் ஒன்று, ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, அசதி வரும் அந்த நேரத்தில் ஒன்று. மூன்றாவதுதான் விலைமதிப்புள்ளது. பொதுவாக வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0 மில்லிமோல் வரையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 8.5க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. உங்கள் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் ஏற்ப மருத்துவர் இதை மாற்றிச் சொல்லக்கூடும்.

பட்டை டப்பாவை மோட்டார்சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பட்டை கெட்டு, எண்ணும் கெட்டுவிடும். மூடியைத் திறந்தபடி விட்டால் ஈரப்பதமும் கெடுக்கும். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் சாப்பிட்ட விரலைக் குத்தி 16.8 பார்த்து மனைவி பதறிப்போனாள், கழுவிவிட்டுப் பார்த்தால் 9.1.

அசதி நேரத்தில் எண் 10க்கு மேலேயே இருந்தால், சிறுநீரில் சர்க்கரை கசியத் தொடங்கி, அதோடு தண்ணீரும் வெளியேறுகிறது என்று பொருள். தாகம், வறட்சி, இரவு விழிப்பு, பகல் அசதி எல்லாம் ஒரே சங்கிலி. மருந்தும் உணவும் ஒத்துப்போய் அளவு இறங்க இறங்க இந்த அசதி சில வாரங்களில் விலகத் தொடங்கும். எண் 4க்குக் கீழே இருந்தால் அடுத்த படியை இன்றே படியுங்கள். எண் 5, 6 என்று சரியாகவே இருந்தும் நடுக்கமும் தளர்ச்சியும் வந்தால், பல மாதம் உயர்ந்த சர்க்கரைக்குப் பழகிய உடம்பு சரியான அளவையே குறைவு என்று நினைக்கிறது. அது தானாகவே பழகிவிடும். அதற்குப் பயந்து இனிப்பை வாயில் போட்டால் பழகும் காலம் நீளும்.

சர்க்கரை இறங்கும் வாரங்களில் பார்வை மங்கலாகலாம். உடனே ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி செய்யாதீர்கள். சில வாரம் பொறுத்து, அளவு நிலைப்பட்ட பிறகு செய்யுங்கள். நான் 320 ரிங்கிட்டுக்குச் செய்த கண்ணாடி இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

5. மாத்திரையும் பசியாறலும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்

தோட்டத்து நேரமும் மாத்திரை நேரமும் இடிக்கின்ற இடம் இதுதான், ஆகவே சற்று நீட்டியே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள்: மெட்ஃபார்மின், கிளிக்லசைட். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம், ஐந்தே முக்காலுக்கு. ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டையும் கறுப்புக் காப்பியோடு விழுங்கிவிட்டுக் கிளம்புவேன். பசியாறல் பத்தரைக்கு, வேலை ஓய்ந்த பிறகு. ஒருநாள் பத்து மணிக்குச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. எதிரே விடுமுறை கேட்டு நின்றிருந்த பழம் பொறுக்கும் அம்மாள், "ஐயா, முகம் வெளுத்துப்போச்சு, உக்காருங்க" என்று சொல்லி, தன் போத்தலில் இருந்த சீனித் தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பிறகு கருவியில் பார்த்தேன்: 3.4. தேத்தண்ணி குடிப்பதற்கு முன் இன்னும் குறைவாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஏழு மணிக்கே தோசை சாப்பிட்டுவிடுவதால் அன்று மட்டும் எதுவும் நேரவில்லை.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவையும் இன்சுலினும் அப்படியல்ல. அவை உள்ளே போனால் பின்னாலேயே சோறு போக வேண்டும், காப்பி சோற்றுக் கணக்கில் சேராது. மருத்துவரிடம் உங்கள் வேலை நேரத்தை எழுதிக் கொடுத்து, "பெரட்டுக்கு முன்பே நான் சாப்பிட வேண்டுமா, அல்லது மாத்திரையைப் பத்தரைக்கு மாற்றலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். எனக்கு மாத்திரை நேரம் மாற்றப்பட்டது. அதோடு இரண்டு இட்லி மட்டும் ஐந்தேகாலுக்குச் சாப்பிடத் தொடங்கினேன். பத்து மணி அசதி ஒரே வாரத்தில் நின்றது.

4க்குக் கீழே இறங்கினால் செய்ய வேண்டியது: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி சோதித்து, இன்னும் 4க்குக் கீழே என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கைப்பையில் சீனிப் பொட்டலமும், மேசையில் ஒன்றும், மோட்டார்சைக்கிள் பெட்டியில் ஒன்றும் வைத்திருங்கள். மட்டைகளுக்கு நடுவே தனியாக வேலை செய்பவர் உடன் வேலை செய்யும் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார்சைக்கிளை எடுக்குமுன் சோதித்து, 5க்கு மேல் இருந்தால்தான் நான் இப்போது கிளம்புகிறேன்.

இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை எடுத்தால், அதுவே அசதி தரலாம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கவும் செய்யும். வியர்வையை மட்டும் நம்புங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சளிக்கு வாங்கும் மஞ்சள் மாத்திரையும் தூக்கத்தைத் தரும். மெட்ஃபார்மினால் முதல் வாரங்களில் வயிறு கலங்குவது பலருக்கும் உண்டு. சோற்றோடு எடுத்தால் குறையும், குறையாவிட்டால் மெதுவாகக் கரையும் வகை உண்டா என்று கேளுங்கள்.

தைப்பூசம், புரட்டாசி என்று ஒருவேளை விரதம் இருப்பவர்கள் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விரதத்தை விடச் சொல்வார்களோ என்று பயந்து சொல்லாமல் இருப்பது வழக்கமான பொறி.

6. குடிப்பதைச் சரிசெய்யுங்கள், சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம்

ஒரே நாளில் சோற்றை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் இரண்டு தட்டு சாப்பிடுகிறார்கள். முதலில் குவளையை மாற்றுங்கள். கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்த தே தாரிக் நாளுக்கு மூன்று குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் "தே ஓ கொசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று சொல்லப் பழக இரண்டு வாரம் ஆனது. வெயிலில் களைத்தவர்கள் ஆற்றல் பானம், ஐசோடோனிக் பானம் என்று குடிப்பதும் அசதியைச் சுற்றிச்சுற்றி வரவைக்கிறது: சீனி ஏறுகிறது, சிறுநீர் அதிகமாகிறது, தாகம் கூடுகிறது, மறுபடி இன்னொரு தகரப்புட்டி. அந்தப் புட்டியை 4க்குக் கீழே இறங்கும் நாளுக்கென்று எடுத்துவையுங்கள்.

சாப்பாட்டில் தட்டின் பாதி காய்கறியும் பழமும், கால்பகுதி சோறு, கால்பகுதி மீன் அல்லது பருப்பு என்ற சுகாதார அமைச்சின் கணக்கு எளிது. சாப்பிட்டதும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு லயத்தைச் சுற்றி நடந்தால் மதியத் தூக்கம் கண்கூடாகக் குறையும்.

இரவுச் சந்தையில் "மூன்று நாளில் அசதி போகும், சர்க்கரையும் போகும்" என்று விற்கிற உருண்டைகளையும் காப்பித் தூளையும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு முதல் சில நாள் சுறுசுறுப்பைத் தரும், உள்ளே சர்க்கரையை ஏற்றிக்கொண்டே போகும். பதிவான மருந்தின் உறையில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் ஒட்டுவில்லையும் இருக்கும். அவை இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டுவிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

7. வேலையிடம்: எம்சி, டைம் ஸ்லிப், கடிதம்

இது என் தொழில் சார்ந்தது என்பதால் உறுதியாகச் சொல்வேன். 1955 வேலைச் சட்டத்தின்படி, ஊதியத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் உண்டு.

எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். தவறினால் கையில் எம்சி இருந்தும் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவீர்கள். அதன் படத்தை அன்றே கைப்பேசியில் அனுப்பிவிட்டு, அசலை மறுநாள் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். "மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லிவிட்டேன்" என்று வந்து நின்ற பலருக்கு நானே வராத நாள் என்று பதிய வேண்டியிருந்தது. வருத்தமாக இருந்தாலும் தாள் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது.

டைம் ஸ்லிப் என்பது நீங்கள் இத்தனை மணிக்கு வந்து இத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதற்கான சான்று மட்டுமே. அது எம்சி ஆகாது. கிளினிக்கில் காலை முழுவதையும் கழித்துவிட்டு டைம் ஸ்லிப்போடு திரும்பும் அறுவடைத் தொழிலாளிக்கு அன்றைய குலைக் கணக்கு போய்விடும். நோய் தெரிந்த முதல் மூன்று மாதத்தில் நான்கைந்து முறை கிளினிக்குக்குப் போக நேரும் என்பதால், தேதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஆண்டு விடுப்பிலோ ஓய்வு நாளோடு மாற்றியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாதக் கடைசியில் சம்பளத் தாளைப் பார்த்துவிட்டுப் பேசுவது காலம் கடந்த பேச்சு.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்கவும் வழியுண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தத்தின்படி, நேரம், நாள், இடம் ஆகியவற்றில் நெகிழ்வு கேட்டுத் தொழிலாளி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கடிதத்தில் மூன்று வரி போதும்: நோய் என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், என்ன மாற்றம் வேண்டும். மருத்துவரின் குறிப்பை இணையுங்கள். "எனக்கு முடியவில்லை, லேசான வேலை கொடுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எழுதத் தயங்குபவர்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளரைக் கூட வைத்துக்கொள்ளலாம்.

8. இரவைக் கவனியுங்கள்

சர்க்கரை இறங்கியதும் என் இரவு விழிப்பு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஆனாலும் எழும்போது தலை கனத்தது. நான் பெரிதாகக் குறட்டை விடுவதையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதையும் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. உடல் பருத்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் உறக்கத்தில் மூச்சடைப்பு அதிகம் காணப்படுகிறது. கூடப் படுப்பவரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது விரைவில் வேலை செய்யும்.

9. மனம் சோர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்

நோய் என்று கேட்டதிலிருந்து எதிலும் நாட்டமில்லை, அழுகை வருகிறது, தூக்கம் கெட்டது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கிலேயே கேள்வித்தாள் கொண்டு சோதிப்பார்கள். நம்மவர்கள் இதை "அசதி" என்று மட்டுமே சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

10. காத்திருக்கக் கூடாத அசதி

பின்வருவன இருந்தால் நோட்டு, முன்பதிவு எதையும் பார்க்காமல் 999ஐ அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள்: திடீர் அசதியோடு மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, வாந்தி நிற்காமல் மூச்சு வேகமாதல், பேச்சுக் குழறல், குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், கருவி எண் காட்டாமல் "ஹை" என்று காட்டுதல். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். மயங்கியவர் வாயில் சீனித்தண்ணீர் ஊற்றக் கூடாது.

காய்ச்சல், நீடித்த இருமல், முயலாமலே எடை வேகமாகக் குறைதல் ஆகியவற்றுக்கு அவசரப் பிரிவு வேண்டாம். ஆனால் அடுத்த முன்பதிவு வரை காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே போங்கள்.

11. மூன்றாம் மாத வருகை

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், மறு பரிசோதனை மூன்று மாதம் கழித்தே வரும். இரத்தம் கொடுக்கும் நாளும் மருத்துவரைப் பார்க்கும் நாளும் வெவ்வேறாக இருக்கலாம். இரண்டையும் நாள்காட்டியில் தனித்தனியாகக் குறியுங்கள். மருத்துவரோடு கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், அசதிக் கணக்கைச் சுருக்கி ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த அசதி போய்விட்டது, எது மீதி இருக்கிறது, அந்த நேரத்தில் கருவி காட்டிய எண் என்ன.

எனக்கு எச்பிஏ1சி 7.6க்கு இறங்கியிருந்தது. காலை அசதியும் மதியத் தூக்கமும் போய்விட்டன. எழும்போது வரும் தலைக்கனம் மட்டும் மீதி. மனைவி எடுத்த குறட்டைப் பதிவைக் கேட்டதும் மருத்துவர் மறுபேச்சில்லாமல் ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். தேதி ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. அதுவரை ஒருக்களித்துப் படுக்கிறேன், எடையைப் பார்க்கிறேன். பரிந்துரைக் கடிதம் கையில் கிடைத்தவுடன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பச்சைப் புத்தகத்தின் பின்னட்டையில் செருகிவிடுங்கள். முகப்பில் அசலை வாங்கிக்கொண்டால் திருப்பித் தரமாட்டார்கள்.